மூன்றாவது அறையின் தவணை

அன்பு மகளுக்கு,

நாளை வங்கியில் கையெழுத்துப் போடுமுன் இதைப் படித்துவிடு. மூன்றாவது அறைக்காக மட்டும் நீ கூடுதலாக வாங்கும் கடன் பத்து லட்சம். ஒன்பது சதவீத வட்டியில், இருபது வருடத்துக்கு, மாதத் தவணை ஏறக்குறைய ஒன்பதாயிரம். கட்டி முடிக்கையில் இருபத்தொன்றரை லட்சத்தைத் தாண்டும். மூன்று முறை சரிபார்த்தேன். ஆனாலும் மாப்பிள்ளையை ஒருமுறை பார்க்கச் சொல்.

"அந்த ரூம் உங்களுக்குத்தான்ப்பா, வாயத் தொறக்காதீங்க" என்று போனில் அதட்டினாய். "மாமா கணக்கப் பாத்தா பேங்க்காரனே ஓடிருவான்" என்று மாப்பிள்ளை சிரித்ததும் கேட்டது.

கடன் முடியும்போது எனக்குத் தொண்ணூற்றாறு வயது. இரண்டு அறை வீடே போதும். இங்கே எனக்கு ஒரு குறையுமில்லை. மாடிப்படியில் விழுந்தது சின்ன அடிதான்.

மூன்று அறைக் கணக்குத் தாளைக் கிழித்திருக்க வேண்டும். அதன் ஓரத்தில் என் கட்டிலை ஜன்னலோரமாக வரைந்து பார்த்திருந்தேன். கிழிக்கக் கை வரவில்லை. இத்துடன் வைத்திருக்கிறேன்.

கூட்டலில் பிழையிருந்தால் பொறுத்துக்கொள்.

உன் அப்பா