கைவிடப்பட்டோர் என்ற கட்டம்

அன்புள்ள பெரியவளின் அப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் மூவரும் இருக்கிறோம். நலம் என்று எழுத முடிந்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பேன். உங்கள் எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் எட்டு மாதமாக அலுக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். அதனால் இதை விடுமுறைக்கு வந்திருக்கும் கிரேன்காரத் தம்பியிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்களோடு வேலை பார்க்கிறவர், கையில் சேர்க்காமல் விடமாட்டார்.

லாண்டரியில் நீராவிக் குழாய் பிய்த்துக்கொண்டு என் வலது கை வெந்துபோனது. பயப்படாதீர்கள், இப்போது விரல்கள் மடங்குகின்றன. ஆனால் இரண்டு மாதம் ஆஸ்பத்திரிப் போர்வைகளைத் தேய்க்க முடியவில்லை, சம்பளமும் இல்லை. உங்களிடமிருந்தும் ஒன்றும் வரவில்லை. வாடகை நின்றது. நம் வீட்டுக்காரரைத்தான் சொல்கிறேன், பெரியவள் 'சாவிக்கொத்து' என்று பெயர் வைத்தாளே, அவர் வந்து நோட்டீஸ் ஒட்டினார். பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும்.

இப்படி வீட்டை இழக்கப்போகிற குடும்பங்களுக்கு அவசர உதவி கொடுக்கும் அலுவலகம் ஒன்று இருக்கிறது என்று எதிர்வீட்டுத் தையல்காரம்மா சொன்னார். போனேன். பாக்கியை அவர்களே நேராக வீட்டுக்காரருக்குக் கட்டிவிடுவார்களாம். ஆனால் கணவர் வெளியூரில் சம்பாதிக்கிறார் என்று எழுதினால் அவருடைய சம்பளச் சான்று வேண்டுமாம். நான் எங்கே போவேன்? கவுன்ட்டரில் இருந்த பெண் நல்லவள். குரலைத் தாழ்த்தி, "அக்கா, 'கணவரால் கைவிடப்பட்டோர்'னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க. அதுல டிக் போட்டா சான்று எதுவும் கேக்க மாட்டாங்க" என்றாள்.

கோபப்படாதீர்கள். போட்டேன். பொய்த் தகவல் தந்தால் தண்டனை உண்டு என்று அச்சடித்திருந்த வரிக்குக் கீழேயே கையெழுத்தும் போட்டேன். கட்டுப் போட்ட கையால் போட்டதில் அது என் கையெழுத்து மாதிரியே இல்லை. அதில் எனக்கு ஒரு நிம்மதி.

விசாரணைக்கு ஒரு அம்மாள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்பே உங்கள் சட்டைகளை மூட்டை கட்டித் தையல்காரம்மா வீட்டில் வைத்துவிட்டேன். கல்யாணப் படத்தை அலமாரிக்குப் பின்னால் சொருகினேன். உங்கள் ரேசரை மட்டும் மறந்துபோனேன். யாருடையது என்று கேட்டார். தையல் பிரிக்க வைத்திருக்கிறேன் என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு பெரியவளைக் கூப்பிட்டு அப்பா எங்கே என்று கேட்டார். இரண்டு நாள் சொல்லிக்கொடுத்திருந்தேன். "அப்பா எங்கள விட்டுட்டுப் போயிட்டாரு" என்று பிசகாமல் சொன்னாள். "யாரும்மா உனக்கு இப்படிச் சொல்லிக்குடுத்தா?" என்று அந்த அம்மாள் கேட்டதும் எனக்கு உயிரே போய்விட்டது. பெரியவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல. எனக்கே தெரியும்" என்றாள்.

அதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

உதவிக்கு அனுமதி கிடைத்துவிட்டது என்று கடிதம் வந்தது. வந்தபோது நாங்கள் வீட்டில் இல்லை. பதினைந்தாம் நாள் காலையிலேயே சாவிக்கொத்து ஒரு தச்சரைக் கூட்டிவந்து, பழுது பார்க்க வேண்டும் என்று வாசல் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார். கதவில்லாத வீட்டில் இரண்டு பெண் குழந்தைகளை வைத்துக்கொண்டு எப்படி இருப்பது? கதவைக் கழற்றிய தச்சரே தலை நிமிராமல் எங்கள் சாமான்களைத் தெருவரை தூக்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் தையல்காரம்மா அந்தக் கடிதத்தைக் கொண்டுவந்து தந்தார். அலுவலகத்துக்கு ஓடினேன். அதிகாரி அதைப் படித்துவிட்டு, "இது வெளியேத்தப்படற ஆபத்துல இருக்கறவங்களுக்கும்மா. உங்களத்தான் வெளியேத்தியாச்சே. இனிமே என்ன ஆபத்து?" என்றார். கிண்டல் இல்லை. விதி அப்படித்தான் என்று புத்தகத்தையே என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

இப்போது லாண்டரியின் பின்னறையில் இருக்கிறோம். நானும் வேலைக்குத் திரும்பிவிட்டேன். மாதக் கடைசிவரை இருக்கலாம் என்று மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். சின்னவளுக்குக் கொண்டாட்டம்தான், கிழிந்த ஆஸ்பத்திரிப் போர்வை மூட்டைகள்மேல் குதித்துக்கொண்டு எல்லோருக்கும் ஊசி போடுகிறாள். பெரியவள் பள்ளிக்கூடத்தில் புது முகவரி எழுதிக் கொடுக்கும்போது தகப்பனார் என்ற இடத்தில் ஒரு கோடு இழுத்துவிட்டு வந்திருக்கிறாள். அடிக்கக் கை ஓங்கினேன். அடிக்கவில்லை.

நேற்று கிரேன்காரத் தம்பி வந்தார். நீங்கள் நன்றாக இருக்கிறீர்கள் என்றார். மெலிந்துவிட்டாரா, வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று கேட்டேன். "இல்ல அண்ணி, இப்பல்லாம் வீட்டுச் சாப்பாடுதான்" என்றவர் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு வெகுநேரம் ஷூ நாடாவையே கட்டிக்கொண்டிருந்தார். எந்த வீடு என்று நான் கேட்கவில்லை. நீங்கள் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருந்தால் அதுவே போதும் என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்த அலுவலகத்தில் நான் கையெழுத்துப் போட்ட படிவம் அப்படியே இருக்கிறது. அது பொய் என்று சொல்ல உங்கள் ஒருவரால்தான் முடியும். என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். வந்து, என்னைப் பொய்க்காரி ஆக்குங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி