தேங்காய் குத்திய ரப்பர் படகு

வம்புக்கு இழுக்க நான் பக்கத்தில் இல்லாமல் அங்கே தவித்துக்கொண்டிருக்கும் என் பிரியமானவருக்கு,

நீங்கள் கண்மூடிய பிறகு வரும் முதல் பொங்கல் இது. ஸ்ரீபெரும்புதூர்ப் பட்டறையை நான் மூடவில்லை, லாரிக்கு பாடி கட்டும் வேலை நடக்கிறது. ஆனால் நீங்கள் ஆசையாகக் கட்டி, பழவேற்காட்டில் நங்கூரம் போட்டு நிறுத்திய சின்னப் பாய்மரப் படகை விற்கச் சொல்லி என் தம்பி வேலு நச்சரிக்கிறான். "பொம்பள நீ தனியா அதை வெச்சிக்கினு இன்னா பண்ணப் போறக்கா?" என்கிறான்.

வாங்க வருகிறவர்கள் கூடவே அந்த ரப்பர் படகையும் கேட்கிறார்களாம். அதை எப்படிக் கொடுப்பேன்?

கரையிலிருந்து பாய்மரப் படகுக்குப் போய் ஏற, மடித்து பஸ் மேலே போட்டுக்கொள்கிற மாதிரி காற்றடிக்கும் படகு வேண்டும் என்று மெட்ராஸ் துறைமுகத்துப் பக்கம் கடை கடையாக என்னை நடக்கவிட்டீர்களே, நினைவிருக்கிறதா? எனக்குப் பிடித்தது ஆரஞ்சு நிறக் குட்டி. ஒரு கையால் தூக்கலாம். நீங்களோ சாம்பல் நிறத்தில் ஒரு தடியனைத் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள்.

"இன்னாங்க இது, எருமை கணக்கா கீது?"

"அதுல காத்துக்கு ஒரே அறை. இதுல ரெண்டு. ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தாங்கும். உனக்கு நீச்சல் தெரியாதே, மரகதம்."

கடைக்காரர் முன்னாலேயே மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். நீங்களோ அந்த எருமையையே வாங்கி பஸ் மேலே ஏற்றினீர்கள்.

அப்புறம் செம்பரம்பாக்கம் ஏரியில் வெள்ளோட்டம். புதிதாக ஒன்று வாங்கிப் பூஜை போடாமல் எடுப்போமா? சந்தனம், குங்குமம் வைத்து, படகின் மூக்குக்கு நேரே நானே தேங்காய் உடைத்தேன். ஓட்டுச் சில்லுகளைப் பொறுக்க வேண்டும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. லாரிக்கு உடைத்தே பழக்கம்! அதன் மேலேயே படகை இழுத்துத் தண்ணீரில் விட்டோம். ஏரி நடுவே 'உஸ்ஸ்' என்று ஒரு பக்கம் தொங்கிப் போனது. ஐயோ, நான் போட்ட கூச்சல்!

"அசையாம என்னைப் புடிச்சிக்கினு குந்து. இன்னொண்ணு கீதுல்ல?" என்றீர்கள். பாதி நனைந்து கரை சேர்ந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அன்றிலிருந்து பட்டறைக்கே நான் தேங்காய்க்காரி.

வாங்க ஆள் வருகிறது என்று வேலு சொன்னதால், நேற்று முற்றத்தில் அதை விரித்துக் காற்றடித்தேன். நீங்கள் ஒட்டுப் போட்ட அறை மெல்ல இறங்கிவிட்டது. மற்றது அப்படியே நின்றது. அதன் மேல் உட்கார்ந்து பார்த்தேன், தாங்கியது. நீங்கள் போன பிறகு நேற்றுதான் வாய்விட்டு அழுதேன். வேலு வந்தான். பக்கத்தில் உட்கார்ந்தான்.

"விக்க வேணாங்க்கா. துடுப்பு நான் போடறேன்."

ஒட்டைப் பிரித்து மறுபடி நானே ஒட்டியிருக்கிறேன். பொங்கல் கழிந்ததும் பழவேற்காடு போய், உங்கள் படகில் ஏறிப் பாய் விரிப்பேன். பூஜை கட்டாயம் உண்டு. தேங்காயை மட்டும் வீட்டிலேயே உடைத்துவிட்டுக் கிளம்புவேன், சத்தியம்.

இன்னும் தாங்கிக்கொண்டிருக்கும்
உங்கள் வீட்டுக்காரி,
மரகதம்