நிறம் கலந்த தண்ணீர்

அக்கா,

நேற்று பூவாரில் ஒரு நிச்சயதார்த்த வீட்டுக்குப் போயிருந்தேன். உட்கார்ந்ததுமே கையில் ஒரு தம்ளரைத் திணித்தார்கள். பதிமுக மரச் சீவல் போட்ட இளஞ்சிவப்புத் தண்ணீர். பாறசாலையில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்று நாக்கு ஒட்டிப்போயிருந்தது. ஆனாலும் அந்த மர வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குப் பகீரென்றது.

"இது தெளப்பிச்ச வெள்ளமா?" என்று கேட்டேவிட்டேன். கொதித்ததா என்று தெரியாமல் எப்படிக் குடிப்பது?

"மெஷின் வெள்ளம் ஆக்கும். நிறத்துக்குக் கொஞ்சம் சேர்த்திருக்கு," என்றார் வீட்டுக்காரம்மா.

"மெஷினுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள். நான் குடிக்கவில்லை.

உன் சிறுநீரகங்களில் ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ் வேலைக்கு நீ திரும்பிய பிறகு வந்த முதல் சபை அசன விருந்து உனக்கு ஞாபகமிருக்கும். நீ தந்ததை உடம்பு தள்ளிவிடாமலிருக்க நான் விழுங்கிய மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் அமுக்கிவைத்திருந்தன. கெட்ட தண்ணீர் ஒருமுறை வயிற்றில் போனாலே எல்லாம் பாழாகிவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

அந்த வருஷம் சபையில் புற ஊதா விளக்கு வைத்த எஃகு டிரம் வாங்கியிருந்தார்கள். மூடியிலிருந்த சின்னக் கண்ணாடி வழியே நீல ஒளி தெரியும். இனி அண்டா அண்டாவாகக் கொதிக்கவைக்க வேண்டாமே என்று சமையல்காரர்களுக்கு ஒரே கொண்டாட்டம். ஆனால் நம் ஆட்கள் வெறும் தண்ணீரைத் தொடுவார்களா? நிறமில்லாவிட்டால் கொதிக்காதது என்று ஒதுக்கிவிடுவார்கள். அதனால் பதிமுகத்தைக் கெட்டியாகக் காய்ச்சி, அந்தச் சாற்றை டிரம்மிலேயே ஊற்றிக் கலக்கிவிட்டார்கள்.

நீ அதைப் பார்த்துவிட்டுப் பந்திக்கு ஓடிவந்தாய். "எலே, குடிக்காத! கீழ வய்யி!" அதற்குள் நான் ஒரு மடக்கு விழுங்கியிருந்தேன்.

சபைச் செயலர் டிரம்மின் ஒளியைக் காட்டிச் சிரித்தார். "வெட்டம் எரியுதுல்லா சேச்சி, ஒரு கிருமியும் நிக்காது."

"கண்ணுக்குத் தெரியுற நீலம் இல்ல கொல்லுது," என்றாய். "தெரியாத வெட்டம் ஒண்ணு உண்டு. அது கிருமிக்க மேல விழணும். விழுந்தாத்தான் அதுக்க உள்ள இருக்குற மரபிழை குலையும், பின்ன அதால பெருக முடியாது. நீங்க நிறத்தக் கலக்கி வச்சிருக்கிய. வெட்டத்த அந்த நிறமே குடிச்சுப்போடும். கிருமி சுகமா இருக்கும்."

"அசனத்தன்னைக்கு ஆளுகள வெறுதே பேடிப்பிக்காதீங்க," என்று, நீ வேண்டுமென்றே பயமுறுத்துவதுபோல அவர் குரலை உயர்த்தினார்.

நீ போய் டிரம்மின் குழாயைத் திறந்து தண்ணீரையெல்லாம் வெளியே ஓடவிட்டாய். பந்தியே எழுந்து நின்றது. திமிர் பிடித்தவள் என்று யாரோ சொன்னது உன் காதிலும் விழுந்திருக்கும். நீ என்னிடம், "எத்தற விழுங்கின?" என்று மட்டும் கேட்டாய்.

அடுத்து வந்த நாட்களை எப்படி மறப்பேன்? லீவு போட்டுவிட்டு என் கட்டிலருகே உட்கார்ந்துவிட்டாய். தெர்மாமீட்டரை வைப்பதும் எடுப்பதுமாக என் உயிரை வாங்கினாய். கழிப்பறைக் கதவைத் திறந்தால் வாசலில் நிற்பாய். லேசாகக் காய்ச்சல் ஏறியதுமே ஆட்டோவை வரச்சொல்லிவிட்டாய்.

"எதுக்குக்கா இந்தப் பாடு? ஒரு மடக்குதானே!" என்று எரிந்துவிழுந்தேன்.

அப்போதுதான் நீ உடைந்தாய். "இது போச்சுன்னா தர எனக்கிட்ட இனி வேற இல்லலே மக்கா."

ரத்தப் பரிசோதனை நல்லபடியாக வந்தது. ஆஸ்பத்திரி என்றும் பார்க்காமல் சத்தமாக அழுதாய். அதற்குப் பிறகு சபையில் தெளிந்த தண்ணீரை விளக்கில் காட்டிவிட்டு, கடைசியில்தான் சாற்றைக் கலந்தார்கள். செயலர் மட்டும் உன்னோடு பேசவேயில்லை.

போன மழைக்காலத்தில், நெஞ்சு வலிக்கிறது என்று சொல்லி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய். அடக்கம் முடிந்த பிறகு ஒருநாள் எனக்குக் காய்ச்சல் அடித்தது. தெர்மாமீட்டரை நானே வைத்து நானே எடுத்துப் பார்த்தேன். வாசலில் யாருமில்லை. அன்றைக்கு நான் பயந்த பயம் எனக்குப் புதிது. அத்தனை வருஷமும் அதை என் பங்குக்கும் சேர்த்து நீயே பட்டுக்கொண்டிருந்திருக்கிறாய். நீ தந்த சிறுநீரகத்தோடு இனி அதையும் நான்தான் சுமக்க வேண்டும், அக்கா.