குச்சியைச் செய்தது யார்

ஜூலை 12, சனி
காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. பரண் சுத்தம். பழைய குடை இரண்டு, ஓட்டை அண்டா, சேலையில் சுற்றிய பில்லியர்ட்ஸ் குச்சி ஒன்று. இரண்டு துண்டு, நடுவில் திருகிச் சேர்க்க மரை. கைப்பிடியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கூர்கூராகப் பதித்த வேலை. கண்ணை எடுக்க முடியவில்லை.

நெட்டில் தேடி, பெங்களூரில் பழைய குச்சிகள் சேகரிக்கும் ஒருவருக்குப் படம் அனுப்பினேன். மதியமே பதில். "அமெரிக்காவுல கையால செஞ்சது மாதிரி இருக்கு மேடம். செஞ்சவர் யாருன்னு கண்டுபிடிக்கணும்."

மாமனாரிடம் காட்டினேன். வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நான் செஞ்சதும்மா."

சுற்றியிருந்த சேலையாலேயே தூசியைத் துடைக்க ஆரம்பித்தார்.

ஜூலை 13, ஞாயிறு
சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் வீட்டுக்காரர் சேவியரிடம் கேட்டேன். முகம் மாறிவிட்டது.

"அத எதுக்கு எறக்குன?"

மாமா அந்தக் காலத்தில் பெங்களூர் கிளப் ஒன்றில் பில்லியர்ட்ஸ் மேசை பார்த்துக்கொண்டவர். வெளிநாட்டுக் குச்சியைத் திருடினார் என்று அனுப்பிவிட்டார்களாம். மொரப்பூர் பள்ளிக்கூடத்தில் இவருக்குப் பெயரே 'குச்சித் திருடன் மகன்'. கல்யாணமாகி எட்டு வருடம். இன்றுதான் சொல்கிறார்.

அப்பாவும் மகனும் அளந்து அளந்து பேசுவது இதனால்தானா?

ஜூலை 16, புதன்
கேஸ் புக் பண்ண. ராகி அரைக்க. மாமாவுக்கு பி.பி. மாத்திரை.

அவரைக்காய் ஆய்ந்துகொண்டே மாமா தானாகப் பேசினார். "முன்பாதி கிளப்புல ஒடச்சிப் போட்டது. குப்பையில கெடந்துச்சு. கைப்பிடிதான் நான் செஞ்சது. கனத்துக்கு உள்ள சைக்கிள் அச்சு. ஆடுச்சுன்னு காலண்டர் தாளச் சுத்தி இறுக்குனேன்."

"அங்க சொல்லலீங்களா மாமா?"

"சொன்னேன். ஒனக்கு இது செய்ய வருமான்னு சிரிச்சாங்க."

சொன்னதை அப்படியே பெங்களூர்க்காரருக்கு அனுப்பினேன். ஞாயிறு ரயிலில் நேரிலேயே வருகிறாராம்.

ஜூலை 20, ஞாயிறு
நல்ல வெயில். பெங்களூர்க்காரர் பதினோரு மணிக்கு வீடு தேடி வந்துவிட்டார். வெளியே கிளம்பிய சேவியர் செருப்போடு வாசலிலேயே நின்றார்.

வந்தவர் பூதக்கண்ணாடி வைத்து வெகுநேரம் பார்த்தார். "முன்பாதி வெளிநாடுதான். கைப்பிடி வேற கை. அடியில பழைய பசை அப்படியே இருக்கு. செஞ்சவருக்கு அப்புறம் இத யாரும் தொறக்கல."

மாமாவைக் கேட்டுவிட்டு அடிமூடியைக் கழற்றினார். சைக்கிள் அச்சு. சுற்றிலும் பழுப்பேறிய தாள். மெல்லப் பிரித்தார். தமிழ் எழுத்து. வெள்ளி. ராகு காலம் பத்தரை முதல் பன்னிரண்டு.

சேவியர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாமா பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"இந்தக் கூரெல்லாம் எதுலப்பா அறுத்தீங்க?"

"ஆக்ஸா பிளேடுல. கிளப்புக் கம்பளத்துல மரத்தூள் விழாம அறுக்கிறதுதான் கஷ்டம்."

இருவருக்கும் வைத்த காபி ஆறிப்போனது. பேச்சு நிற்கவில்லை.

பெங்களூர்க்காரர் தன் நோட்டைத் திறந்தார். செய்தவர் பெயர் என்ன போட? "அந்தோணி" என்றேன்.

"இன்ஷியலும் போடச் சொல்லும்மா" என்றார் மாமா.