வாசல் வெளிச்சத்தில் ஒரு டிடெக்டர்

இன்று காலை ஆய்வக அலமாரியைத் திறந்தேன். மண் வாசனை வந்தது. வெளியே மழையில்லை, நல்ல வெயில். உன் எவர்சில்வர் டப்பாவின் மூடி நெகிழ்ந்திருந்தது. உள்ளே உங்கள் திருப்பருத்திக்குன்றத்து ஏரி மண்; மூடிமேல் உன் மாமியார் பெயர். அந்த டப்பாவை அவர் இன்னும் தேடுகிறாராம், உன் மகள் சொன்னாள். நான் பேச்சை மாற்றிவிட்டேன்.

நம் கல்லூரிக்கு கதிரியக்கத்தை அளக்கும் ஜெர்மானியம் டிடெக்டர் இரண்டாவதாக ஒன்று வாங்க அனுமதி வந்துவிட்டது, தெரியுமா? நீ கண்ணை மூடி இரண்டு மழைக்காலம் ஆகிறது. ஆனாலும் இப்படி ஒரு செய்தி வந்தால் முதலில் உன் மேசைப் பக்கம்தான் திரும்புகிறேன்.

முதல் டிடெக்டருக்கு நாம் போட்ட சண்டை இயற்பியல் துறைக்கே பொழுதுபோக்கு. ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும், தப்பாக வாங்கினால் மாற்றவும் முடியாது. இருப்பதிலேயே பெரிய ஜெர்மானியப் படிகம் வேண்டும் என்று நான் நின்றேன். பெரிதாக இருந்தால் காமா கதிரை நிறையப் பிடிக்கும், வேறென்ன வேண்டும்? உனக்கோ உன் ஏரி. மழையோடு இறங்கும் ஒருவகை ஈயம் மண்ணுக்குள் ஆழம் போகப் போகக் குறையும். அதை அளந்தால் எந்த அடுக்கு எப்போது படிந்தது என்று சொல்லிவிடலாம். ஏரி எவ்வளவு வேகமாகத் தூர்கிறது என்று தெரிந்துகொள்ள அதைத்தான் நம்பியிருந்தாய். அந்த ஈயத்தின் கதிர் மிகச் சன்னமானது. நான் கேட்ட படிகத்தின் தடித்த மேல்தோலிலேயே அது நின்றுவிடும் என்றாய். கதிர் நுழைய மெல்லிய ஜன்னல் வைத்த, தட்டையான படிகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாய்.

நான் கம்பெனி அச்சடித்த விற்பனைத் தாளை நீட்டினேன். நீ அதைத் தொடக்கூட இல்லை.

"கம்பெனிக்காரன் அவன் பலமா கதிர் வுடுற கோபால்ட்ட வெச்சு அளந்துக்கினு எழுதுனதுடி இது. கடை லைட்டு. புடவைய வாசலுக்கு எடுத்துக்கினு போய்ப் பாக்காம வாங்குவியா நீ?"

என்னிடமா கேட்டாய்! என் கல்யாணப் புடவைக்கு அம்மா கடைக்குள்ளும் வாசலுக்குமாக நடந்த நடையில், முதலாளி அலுத்துப்போய் வெயிலிலேயே நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார். காஞ்சிபுரத்தில் பிறந்துவிட்டு அதற்கு மறுபேச்சு பேச முடியுமா?

டப்பாவோடு பஸ் ஏறினோம். இரண்டு வகையும் வைத்திருந்த கடலோர ஆய்வகம் ஒன்றில் ஒரு நாள் இடம் கொடுத்தார்கள். என் பெரிய படிகத்தில் ஒரு பங்கு மண், உன் மெல்லிய ஜன்னலில் ஒரு பங்கு. காலையில் வைத்தது, பொழுது சாயும்வரை எண்ணிக்கொண்டே இருந்தது. நீயோ சமண வீட்டுப் பெண், இருட்டுவதற்குள் சாப்பிட வேண்டியவள். ஒரு கண் திரையில், ஒரு கண் சூரியனில். கடைசியில் சூரியன்தான் ஜெயித்தது. புளிச்சோற்றுப் பொட்டலத்தோடு வராந்தாவுக்குப் போனாய்.

அப்போதுதான் உன் திரையில், இடது ஓரத்தில், சிறியதாக ஒரு முகடு நிமிர்ந்து நின்றது. என் திரையில் அதே இடத்தில் வெறும் மேடு. நான் ஓடி வந்து கத்தினேன்.

"ஏய், வந்துடுச்சுடி! உன் ஈயத்தோட பீக் வந்துடுச்சு!"

எச்சில் கையை மேலே தூக்கிக்கொண்டு, எதையும் தொடாமல், வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தாய். கன்னத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. "நான் சொன்னேன்ல, நான் சொன்னேன்ல" என்று குதித்தாய். தோற்றவள் நான். எனக்கும் அப்படி ஒரு சந்தோஷம்.

உன் மெல்லிய ஜன்னல் டிடெக்டர் வந்ததும் கல்லூரி முதல்வர் பெருமையோடு அந்த அறைக்கு கிரானைட் தரை போட ஏற்பாடு செய்தார். கிரானைட்டும் கதிர் விடும் என்று சொன்னால் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "சார், தரையே பேசிக்கினு இருந்தா எங்க மண்ணு பேசுறது எப்படி சார் கேக்கும்?" என்றாய். கல் ஏற்றி வந்த வண்டி அப்படியே திரும்பிப் போனது. ஈயக் கவசத்துக்குள் செம்புத் தகடு வைத்தோம், திரவ நைட்ரஜன் ஊற்றினோம், படிகம் முழுதும் குளிர்ந்த பிறகே மின்னழுத்தம் ஏற்றினோம். உன் ஏரியின் அடுக்குகளை அடிவரை நீயே அளந்து முடித்துவிட்டுத்தான் போனாய். அதை நினைத்தால் எனக்கு அழுகை வருவதில்லை, தெம்புதான் வருகிறது.

இன்று விற்பனையாளர் வந்தார். சின்ன வயது, நல்ல பேச்சு. பெரிய படிகத்தின் படத்தை விரித்தார். செங்கல், பாறை என்று இப்போது அளக்க வரும் மாதிரிகளுக்கு அதுவே பொருந்தலாம்; கடைசியில் என் ஆசை நிறைவேறினாலும் நிறைவேறும், பொறாமைப்படாதே. தாளை மூடி வைத்துவிட்டு, எங்கள் மண்ணை உங்கள் கருவியில் வைத்துக் காட்டுங்கள், பிறகு பேசலாம் என்றேன்.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. "முடிவு பண்றது நீங்க மட்டும்தானா மேடம்?"

"இல்லபா. ரெண்டு பேரு."

இன்னொருவர் வருவார் என்று அவர் கதவைப் பார்த்தார். நான் உன் டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினேன்.