மனைவியின் கையில் என் தூக்கம்

மார்ச் 4, செவ்வாய்

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். சில நாட்களாக என் கைப்பட்டையைக் கழற்றி, தூங்கும் மனைவியின் மணிக்கட்டில் கட்டிவிட்டு, சோபா தைக்கும் என் பட்டறைக்கு நழுவுகிறேன். ஐம்பது வயதில் பூனைநடை!

நான் எவ்வளவு தூங்குகிறேன், எவ்வளவு நடமாடுகிறேன் என்று டாக்டரம்மாவின் போனுக்குக் கோள் சொல்வதே அந்தப் பட்டையின் பிழைப்பு. எனக்கு பைபோலார் — மனசு ஒரேயடியாக ஏறும், பிறகு ஒரேயடியாக இறங்கும் நோய். “உங்க மனசு, நல்லாத்தான் இருக்கேன்னு சாதிக்கும். தூக்கம் குறைஞ்சா நான் உஷாராயிடுவேன்” என்றார்.

போன வருடம் உஷாராக யாருமில்லை. உற்சாகம் தலைக்கேறி, பல் டாக்டர் வரவேற்பறையின் சோபாக்களை இலவசமாகத் தைத்துத் தருகிறேன் என்று மொத்தமாக உரித்துப் போட்டேன். அப்புறம் ஒரே இருட்டு. ஆஸ்பத்திரி, பிறகு மாதக்கணக்கில் போர்வை. பல்வலியோடு வந்தவர்கள் ஸ்பிரிங் மேல் உட்கார்ந்து இன்னொரு வலியையும் வாங்கிப் போனார்களாம்.

இந்தத் தடவை அப்படி இல்லவே இல்லை. யோசனைகள் கொட்டுகின்றன. எல்லாப் பக்கமும் உட்காரக்கூடிய சோபா! இதைப் போய் மாத்திரை போட்டு அணைப்பார்களா? அவளோ குறட்டை மகாராணி. பட்டை நன்றாகத் தூங்கட்டும்.

மார்ச் 6, வியாழன்

தூக்கம் சோம்பேறிகளின் சதி. சோபாவுக்கு ஆறாவது பக்கம் கண்டுபிடித்துவிட்டேன்!!

மார்ச் 7, வெள்ளி

டாக்டரம்மா போன் செய்தார். “மூணு மணி நேரம்கூடத் தூங்கலையே. ராத்திரி பூரா நடமாட்டம் வேற. இன்னைக்கே வாங்க.”

தூக்கிவாரிப் போட்டது. அது என் கை இல்லையே — அவள் கை! அப்போ அவ தூங்கவே இல்லையா? நான் நழுவியதும் எழுந்து, பட்டறை வாசல்வரை வந்து வந்து போய்... ஐயோ, என்ன மனுஷன்டா நான்?

“கிளம்புங்க” என்றாள், செருப்பை மாட்டிக்கொண்டே. மறுபேச்சுப் பேசாமல் பின்னால் போனேன். கல்யாணமானதிலிருந்து இது முதல் தடவை.

மார்ச் 19, புதன்

மருந்தை மாற்றியதிலிருந்து நன்றாகத் தூங்குகிறேன். பட்டறைக்குப் போய்ப் பார்த்தேன். ஆறு பக்க சோபா. ஒரு பக்கத்திலும் கால் வைக்க இடமில்லை.

ஏப்ரல் 12, சனி

ஆஸ்பத்திரி இல்லை. போர்வை இல்லை. பல் டாக்டரின் கடைசி சோபாவையும் இன்று கொண்டுபோய் வைத்தேன். “உட்காரலாமா, இல்ல சும்மா பார்க்கத்தானா?” என்று கேட்டார் மனிதர். இந்த நக்கலைக் கேட்க நான் நிமிர்ந்து நின்றேனே, அதற்கே கோடி நன்றி.

அந்த நன்றி யாருக்குச் சேர வேண்டும்? சாயங்காலம் அவளிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். “எனக்காக நீ தூங்காம தவிச்சியே...” என்றேன்.

“யாரு தவிச்சா?” என்றாள். “நீங்க கட்டுறப்பவே முழிப்பு வந்துடும். பின்னாடியே வந்து உங்க கையிலயே திருப்பி மாட்டிட்டுப் போவேன். தினமும்தான். துணி வெட்டுற மும்முரத்துல, யாரோ அளவெடுக்க வந்த மாதிரி கையை நீட்டுவீங்க.”

“அப்புறம் நீ?”

“படுத்துத் தூங்கிடுவேன். முழிச்சிருக்கத்தான் பட்டை இருக்கே.”

நான் நம்பவில்லை. உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். ஒரு நாள் காலையிலாவது அவள் கையிலிருந்து அதைக் கழற்றியதாக எனக்கு ஞாபகமே இல்லை.