ஊதா நிறத்தில் அப்பா

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை எழுதுவது. உன் உடம்பும் வேலையும் நன்றாக இருக்க வேண்டும். போனில் என்றால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், எனக்கும் பேச்சு வராது. அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பாவின் தையல் ஆறிவிட்டது. இரைப்பையில் பாதியை எடுத்தும் கிண்டல் குறையவில்லை. அரை வயிற்றுக்காரனுக்கு அரை வேலை போதும் என்று லாரி முதலாளிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார். அம்மா மட்டும் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

புற்றுக்கட்டி முழுவதும் வெளியே வந்துவிட்டதாமே, அடுத்த வருடம் நிதானமாக வருகிறேன் என்று எழுதியிருந்தாய். முழுவதும் வந்தது உண்மைதான். வெட்டிய விளிம்பில் ஒன்றும் இல்லை.

வெட்டியெடுத்த சதை சோதனைக்கு எங்கள் லேபுக்குத்தான் வந்தது. அங்கே ஒரு வழக்கம். சொந்தக்காரர்களின் ஸ்லைடை நாங்கள் தொடுவதில்லை. வேறு ஆள் கைக்குப் போய்விடும். அப்பா விடவில்லை. யாரோ பார்ப்பதற்கு நீயே பார் என்றார். பெரிய டாக்டர் தயங்கி, இரண்டு பேர் சேர்ந்து பார்க்கிற மைக்ராஸ்கோப்பில் என்னையும் உட்கார வைத்தார்.

சாயம் ஏறிய அப்பா எவ்வளவு அழகு தெரியுமா அண்ணா? உயரத்திலிருந்து ஒரு ஊரைப் பார்க்கிற மாதிரி, இளஞ்சிவப்பில் மேடும் பள்ளமும். நடுவே ஊதா நிறத்தில் கட்டி. அதன் ஓரத்தில் செல்கள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டத்தை விட்டுக் கிளம்பியிருந்தன, சந்தடியே இல்லாமல். மெல்லிய ரத்தக்குழாய் ஒன்றில், படகேறியவர்கள்போல ஒரு சின்னக் கொத்து. எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. இப்படிக் கிளம்பியவை ஏற்கெனவே எங்காவது இறங்கியிருக்கலாம், பலருக்கு நோய் சீக்கிரமே திரும்பி வந்திருக்கிறது, சிலருக்கு வராமலும் போயிருக்கிறது என்றார் டாக்டர். மருந்து ஏற்றத் தொடங்குகிறார்கள்.

வீட்டில் அப்பா முடிவைக் கேட்கவில்லை. "வயித்துப் பொழப்புக்கு நான் ஊரெல்லாம் சுத்தினேன். நீ என் வயித்தையே சுத்திப் பாத்துட்டு வந்துட்ட. நல்லாருந்துச்சாம்மா?"

நன்றாக இருந்தது என்றேன். பொய்யில்லை. கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். பிறகு, அண்ணனுக்கு ஒன்றும் எழுதி வைக்காதே, பிள்ளை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்துவிடுவான் என்றார்.

எழுதிவிட்டேன்.

ஒரு முறை மருந்து ஏற்றியதற்கும் அடுத்த முறைக்கும் நடுவே தெம்பான நாட்கள் வருமாம். அப்போது வண்டி எடுக்க வேண்டும் என்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆள் வேண்டும். நான் தூங்கிவிடுவேன், உனக்குத் தெரியும். அடுத்த வருடம் வேண்டாம் அண்ணா.

உன் பயணம் நல்லபடியாக அமையட்டும்.

உன் தங்கை